மின்சாரக் காரும் வட்டிக் கணக்கும்

2024-இல் மின்சாரக் கார் ஒன்று வாங்க எண்ணிக் கணக்கிட்டோம். சரக்கு சேவை வரி 5 விழுக்காடு மட்டுமே. பதிவுக் கட்டணம் 2021 முதல் இல்லை. தமிழ்நாட்டில் சாலை வரிக்கும் முழு விலக்கு. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 விழுக்காடு தள்ளுபடி. வீட்டில் மின்னேற்றினால் பெட்ரோல் செலவும் மிச்சம்.

ஆயினும் விலை பெட்ரோல் காரினும் கூடுதல். பின்னாளில் மின்கலம் மாற்ற நேரின் பெருஞ்செலவு. மதரஸா ஊதியத்தில் சேர்த்தது பாதிக்கும் போதவில்லை. விற்பனையாளர் வங்கிக் கடன் படிவத்தை நீட்டினார். வட்டி ஹராம் என்று காலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு, மாலையில் அதற்கே கையெழுத்திடுவதா? வரியில் மிஞ்சுவது வட்டியில் போய்விடும் என்பது இரண்டாவது கணக்கு. எழுந்து வந்துவிட்டோம்.

“பழைய ஸ்கூட்டர் ஓடுகிறதே, போதும்” என்றார் இல்லத்தரசி. மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வருகிறோம். அதற்குள் சலுகைகள் முடிந்தாலும் முடியட்டும். ஹலாலில்தான் பரக்கத் உண்டு.