வடாம் ஒரு பருவச்சொல்

ஹைக்கூ எழுத இயற்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எங்கே போய், எந்த நேரத்தில் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. 1689-இல் பாஷோ எடோவை விட்டுக் கிளம்பி மாதக்கணக்கில் வடக்கே நடந்தார். அந்தப் பயணம் இலக்கியமானது. அத்தனை நாள் வெளியே போய்த் திரும்பும் பெண்ணிடம் நம் தெரு 'எங்கே போயிருந்தே?' என்றுதான் கேட்கும். 'என்னவெல்லாம் பார்த்தே?' என்று கேட்காது.

எனக்குக் கிடைத்தது மொட்டை மாடி. காலையில் துணி உலர்த்தும் பதினைந்து நிமிடம், கோடையில் வடாத்துக்குக் காவல் இருக்கும் ஒரு மணி நேரம். காகம் நேராக வராது, முதலில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்க்கும் என்பதை அங்கேதான் கற்றேன். எழுதியதும் அங்கேதான்:

வடாம் காயும் வெயில்
காகம் விரட்டும் என் கைநிழலில்
ஒரு கணம் எறும்பு

இதை ஒரு பயிலரங்கில் வாசித்தேன். நடத்தியவர் சிரித்தார். "நல்லாருக்கும்மா. ஆனா இதுல இயற்கை எங்க? முதல்ல சமையலறையை விட்டு வெளிய வாங்க." எனக்குப் பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் தங்கள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்கள். அன்று அவர்கள் வாசிக்கவே இல்லை. என் கவிதைக்குக் கிடைத்த பதிலைவிட, வாசிக்கப்படாத அந்த இரண்டு தாள்கள்தான் என்னை உறுத்தின.

ஜப்பானில் பருவச்சொற்களுக்கென்றே அகராதி உண்டு. 'சைஜிகி' என்பார்கள். அதில் மலையும் பறவையும் மட்டுமல்ல, மனித வாழ்க்கைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கொசுவலை கோடைச் சொல். விசிறி கோடைச் சொல். உப்பில் ஊறவைத்த உமே காய்களை வெயிலில் உலர்த்துவதும் கோடைச் சொல்தான். அது உள்ளே வரலாம் என்றால் வடாம் ஏன் வரக்கூடாது?

1916-இல், பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய அதே ஆண்டில், 'ஹொதொதொகிசு' இதழின் ஆசிரியர் தகாஹாமா கியோஷி பெண்களுக்காக ஒரு பகுதி தொடங்கினார். பெயரே 'சமையலறைக் கவிதைகள்' என்ற பொருளில்தான். கதவு திறந்தது உண்மை. எந்த அறையின் கதவு என்பதையும் அவரே முடிவு செய்தார் என்பதும் உண்மை.

அந்தக் கதவு வழியே வந்தவர் சுகிதா ஹிசாஜோ. ஓர் ஓவிய ஆசிரியரின் மனைவி. அவர் அந்த அறையோடு நிற்கவில்லை. கியூஷுவின் ஹிகோ மலையில் திரும்பத் திரும்ப ஏறினார். அங்கே கேட்ட குயிலினப் பறவையின் குரலைப் பற்றிய கவிதைக்கு 1931-இல் பெரும் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே பெண்களுக்கென ஓர் இதழ் தொடங்கினார். 1936-இல் கியோஷி அவரைத் தன் இதழிலிருந்து நீக்கினார். 1946-இல் இறக்கும்வரை அவருடைய தொகுப்பு ஒன்றுகூட வெளிவரவில்லை. அவர் பித்துப் பிடித்தவர் என்ற கதை மட்டும் இறந்த பிறகும் ஓயவில்லை.

சமையலறைக்குள் இருந்து எழுதினால் இயற்கை இல்லை என்கிறார்கள். மலையேறி எழுதினால் அடக்கம் இல்லை என்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது, நாம் எங்கே நின்று பார்க்கலாம் என்பதைப் பார்க்காதவர்கள் தீர்மானிப்பதுதான்.

இப்போது நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து எங்கள் சைஜிகியை எழுதிவருகிறோம். பங்குனிக்கு முறத்தில் காயும் வேப்பம்பூ. ஐப்பசிக்கு உலராத துணியின் வாடை, விளக்கடியில் உதிர்ந்த ஈசல் சிறகு. மார்கழிக்கு விடியுமுன் வாசல் தெளிக்கும் கையின் விறைப்பு. மலையும் உண்டு. போன மாதம் நான்கு பேர் கொல்லிமலைக்குப் போய்வந்தோம். வீட்டில் குழம்பு வைத்துவிட்டுப் போகவில்லை.