ஐஸ் பெட்டியும் புத்தகப் பையும்

முத்தையன்கட்டுப் பக்கம் மாட்டுப் பட்டிகளுக்கு மிருக வைத்தியரோடு போகும் நாட்களில், எங்கட மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, மற்றப் பக்கம் புத்தகப் பை.

கால் வாய் நோய்த் தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேணும். வெயில் ஏறினால் மாடுகளும் மேயப் போய்விடும். அதனால் முதலில் ஊசி, புத்தகம் பிறகு. அந்தப் 'பிறகு' பல நாள் வருவதேயில்லை.

1935 முதல் 1943 வரை அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில் பெண்கள் குதிரையேறிப் புத்தகம் கொடுத்தார்கள். அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. எங்களுக்கு இது மிஞ்சிற நேரத்து வேலை.

ஊசி தவறினால் மாட்டின் வாயில் புண் தெரியும். புத்தகம் தவறின பிள்ளையில் ஒண்டும் தெரியாது. அதுதான் எங்களுக்குப் பயம்.

இப்ப, மாடு பிடித்துத் தாற பெடியளிட்டயே பையைக் கொடுக்கிறம்; கொப்பியில் பெயரும் அவங்களே எழுதுறாங்கள். வாசிச்சு முடிச்ச புத்தகம் உங்களிட்ட கிடந்தால் தாங்கோ.