பாட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

எங்கள் பகுதி நூலகத்தின் சிறுவர் பிரிவில் சனிக்கிழமை மாலைகளில் கதை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சிறுமி என்னை மடக்கினாள். நான்கு வயது இருக்கும். காக்கை வடையைத் திருடி, நரி காக்கையைப் பாடச் சொல்லி, வடை கீழே விழுந்து, கதை முடிந்து, மற்றக் குழந்தைகள் நரியாகவும் காக்கையாகவும் மாறி ஓடிக்கொண்டிருக்கையில் அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து கேட்டாள்: “அப்ப பாட்டிக்கு யாரு காசு குடுப்பா?”

தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை. நானும் கேட்டிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன். பாட்டியின் நஷ்டம் ஒருநாளும் என் மனத்தில் பதிவானதில்லை. இத்தனைக்கும் கணக்கெழுதுவதுதான் என் தொழில்.

அந்தத் தொழிலும் 2023-ல் என்னை விட்டுப் போயிற்று. 21 ஆண்டுகள் நான் வேலை பார்த்த நிறுவனம் தன் கணக்குப் பிரிவை மொத்தமாக வெளியாரிடம் ஒப்படைத்தது. 47 வயதில் கையில் ஒரு காசோலையும் ஒரு பிரிவுபசார மாலையுமாக வீட்டுக்கு வந்தேன். இனி என்ன செய்வது என்று யோசித்தபோது அந்தச் சனிக்கிழமைகள்தாம் நினைவில் எழுந்தன. சிறு குழந்தைகளின் கல்விக்கென்று இயங்கும் அமைப்புகளில் எனக்கு ஓரிடம் இருக்காதா என்று தேடத் தொடங்கினேன். இலக்கியம் படிப்பவர்களுக்கு நடுவயதில் நேரும் விபத்து இது என்றார் நண்பர் ஒருவர். இருக்கலாம்.

முதலில் சென்றது ஊரெங்கும் கிளைகள் கொண்ட மழலையர் பள்ளி நிறுவனம் ஒன்றுக்கு. கிண்டிப் பக்கம் அலுவலகம். சுவர்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சிரித்துக்கொண்டிருந்தன. குழந்தை ஒன்றுகூட இல்லை. தலைமை அலுவலகம் அல்லவா. என்னைப் பேட்டி கண்ட இளம்பெண் மிகுந்த மரியாதையுடன் பேசினார். “குழந்தைங்களோட வேலை ஏன் சார் பண்ணணும்னு தோணுச்சு?” என்று கேட்டார். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையைச் சொன்னேன். தனக்குக் கிடைக்காத அன்பளிப்பைத் தானே தேடிக்கொண்டு, அதில் தன் பெயரை எழுதித் தரும்படி கேட்கும் சாரங்கனைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் விண்ணப்பத்தின் மேல் எதையோ எழுதினார். ‘பேச்சுத் திறன் நன்று’ என்பதாக இருக்கலாம், ஏனெனில் அடுத்து அவர் முன்வைத்தது விற்பனை வேலை. புதிய ஊர்களில் கிளை தொடங்க முதலீட்டாளர்களைப் பிடிக்க வேண்டும். மாதம் 65,000 ரூபாய், ஊக்கத்தொகை தனி.

“வகுப்பறையில் ஏதாவது…” என்று இழுத்தேன்.

“அதெல்லாம் லேடீஸ்தான் சார். பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க.”

அந்த அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், செய்தித்தாளும் படிக்கிறேன். அந்நிய ஆண் ஒருவனிடம் மூன்று வயதுக் குழந்தையை விட்டுச்செல்ல ஒரு தாய் தயங்குவது நியாயமே. ஆனாலும் அங்கே நான் கேட்டறிந்த சம்பள விவரங்கள் வீடு திரும்பிய பின்னும் மனத்தை விட்டு அகலவில்லை. கணக்கனின் பழக்கதோஷம், ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். குழந்தையின் மூக்கைத் துடைத்து, கால் கழுவி விடும் உதவியாளருக்கு 8,000. வகுப்பில் இருக்கும் ஆசிரியைக்கு 14,000. மையத்தின் பொறுப்பாளருக்கு 30,000. குழந்தையைப் பார்க்கவே தேவையில்லாத விற்பனை அலுவலருக்கு 65,000. குழந்தையைவிட்டு எவ்வளவு தள்ளி உட்கார்கிறோமோ அவ்வளவு கூலி.

அடுத்துச் சென்ற தொண்டு நிறுவனத்தில் நிலைமை வேறாக இருக்கும் என நம்பினேன். இந்தத் துறையில் தொண்டு நிறுவனங்களுக்கு நல்ல மரபு உண்டு. 1969-ல் தில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் மண்ணில் கிடந்த கூலித் தொழிலாளர் குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். அதுவே மொபைல் கிரெஷஸ் அமைப்பாக வளர்ந்தது. நான் சென்ற இடத்திலும் நல்லவர்களே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்டது மதிப்பீட்டு அலுவலர்: மையம் மையமாகச் சென்று, எத்தனை குழந்தைகளுக்கு வண்ணம் தெரிகிறது, எத்தனை பேர் பத்துவரை எண்ணுகிறார்கள் என்று கையடக்கக் கணினியில் குறித்து, நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். என் பழைய நாற்காலியேதான். எதிரில் இருந்த பேரேடு மட்டும் மாறியிருந்தது.

அரசாங்கத்தின் பக்கம் எனக்கு வழியே இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் பெண்ணாக இருக்க வேண்டும், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், வயது வரம்பு வேறு. அந்த விதிகளை நான் விளம்பரம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மா பால்வாடி டீச்சர்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது கிராமத்து மழலையர் மையங்களும் அதில் சேர்ந்தன. எங்கள் ஊர் மையத்தில் அம்மா அப்போது வேலைக்குச் சேர்ந்தார். கும்பகோணத்துக்குத் தெற்கே சிறிய ஊர். மாரியம்மன் கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் பிள்ளைகளை ஒரே மூலைக்கு ஒதுக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் சேரும் வயதுவரை அம்மாவுடன் அங்கேதான் இருந்தேன். உத்தரத்தில் தொங்கும் தராசு இன்னும் கண்ணில் நிற்கிறது. துணித்தூளியில் குழந்தையை உட்கார்த்தி மாட்டினால் அது வீறிடும். அம்மா ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே மறு கையால் எடையை அட்டையில் புள்ளியாக வைப்பார். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு இறங்கினால் அன்று மாலையே அந்த வீட்டுக்கு நடப்பார், சத்துமாவுப் பொட்டலத்துடன். அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, வருகை, எடை, தடுப்பூசி என்று எத்தனை பதிவேடுகள்! கணக்கு எழுதும் கையை அவரிடமிருந்துதான் பெற்றேன். புதிதாகச் சேர்ந்து அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் கூட்டல் போடுவார், தப்பாது.

ஊரில் அந்த வேலைக்கு என்ன பெயர்? “சும்மா புள்ளைவோளப் பாத்துக்கறது.” நடுநிலைப் பள்ளி வாத்தியார் சைக்கிளில் போனால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், அம்மா நடந்து போனால் “டீச்சரம்மா, மாவு வந்துருச்சா?” என்பார்கள். அரசாங்கமும் தன் பங்குக்கு அதைச் சம்பளம் என்று சொல்லவில்லை. மதிப்பூதியம் என்றது. அந்தச் சொல்லில் மதிப்பு இருந்தது, ஊதியம்தான் குறைவு. தமிழகத்தில் பிறகு நிலைமை ஓரளவு மேம்பட்டது என்றாலும், மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்குத் தரும் மதிப்பூதியம் 2018-ல்தான் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆயிற்று.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் 1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளிக்கு முந்தைய பருவத்துக் குழந்தைகளைப் பற்றி விரிவாக அறிக்கை அளித்திருந்தது. அதற்கும் முன்னால் மகாராஷ்டிரத்தின் பழங்குடிக் குடியிருப்புகளில் தாராபாய் மோடக் வீட்டு முற்றங்களிலேயே வகுப்பு நடத்தினார். அங்கன் என்றால் முற்றம். பெயர் அங்கிருந்து வந்தது. முற்றத்தில் செய்யும் வேலைக்குக் கூலி கேட்கக்கூடாது என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டதோ என்னவோ.

2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அங்கே பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியபோது, இது எங்களைக் கீழிறக்குவது என்று ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. அவர்களுடைய பணி விதிகளில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் செய்தியை வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போனது எனக்கு நினைவிருக்கிறது. 2022 ஏப்ரலில் இன்னொரு செய்தி. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையும் வாசித்தேன். அம்மா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. “ஏன் தம்பி, இது வேலைன்னு இப்பத்தான் அவுங்களுக்குத் தெரிஞ்சுதாமா?” என்று கேட்டார்.

விற்பனை வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நண்பர் ஒருவர் சொல்லி, புறநகரில் மாண்டிசோரி முறையில் நடக்கும் சிறிய பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனேன். மரியா மாண்டிசோரிக்கும் சென்னைக்கும் உள்ள உறவை இங்கே பலர் அறிந்திருக்கலாம். 1939-ல், தம் 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் மூண்டு இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் சில கொடைக்கானலில் கழிந்தன. அவருடன் வந்து பயிற்சியைச் சேர்ந்து நடத்திய மகன் மரியோ ஓர் ஆண் என்பதை நான் அப்போது குறிப்பாகக் கவனித்து வைத்துக்கொண்டேன். அதைவிட ஆறுதலாக இருந்தவர் கிஜுபாய் பதேகா. வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கியவர். குஜராத்தில் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்றே அழைத்தார்கள். அன்று காலை கண்ணாடி முன் நின்று என் மீசையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பள்ளியை நடத்தும் மூத்த அம்மையார் ஒரு முக்காலியைக் காட்டி, “மூணு மணி நேரம் உட்காருங்க. பேசாதீங்க, கூப்பிட்டாலொழிய உதவாதீங்க” என்றார். உட்கார்ந்தேன். ஒரு பையன் குடுவையிலிருந்து குடுவைக்கு நீர் ஊற்றினான். சிந்தியது. துணி எடுத்துவந்து துடைத்தான், பிழிந்தான், காயப்போட்டான், மறுபடி ஊற்றினான். பதினோரு முறை; எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. அலமாரியில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் இரண்டு பெட்டிகளில் இருந்தன. ஆங்கிலப் பெட்டியில் விரல் பட்டுப் பட்டு விளிம்புகள் தேய்ந்திருந்தன. தமிழ்ப் பெட்டி புத்தம் புதிதாக இருந்தது. (இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.)

பிறகு ஒரு சின்னப் பெண் இளஞ்சிவப்புக் கட்டைகளைக் கொண்டுவந்தாள். பத்துக் கனசதுரங்கள், பெரியது பத்து சென்டிமீட்டர், சிறியது ஒன்று. ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து கோபுரமாக அடுக்கினாள். ஏழாவது இடத்தில் எட்டாவதை வைத்துவிட்டாள். என் கை தானாக நீண்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. தன் மேசைக்கு வந்து தன் கோப்பைத் திறக்கும் அந்நியனைப் பார்க்கும் பார்வை. கையை இழுத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத் தானே கலைத்துத் தானே சரியாக அடுக்கி, முடிந்தது என்பதுபோல் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். 21 ஆண்டுகளில் எத்தனையோ தணிக்கைகளைக் கடந்தவன் நான். ஒரு தணிக்கையாளர் முன்னும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“ஓராண்டு உதவியாளரா இருங்க. பயிற்சியும் சேர்ந்துக்குங்க. பெற்றோர்கிட்ட நான் பேசிக்கறேன். குழந்தைகளைத் தனியா உங்ககிட்ட விடமாட்டோம், அதுல வருத்தம் கூடாது” என்றார் அம்மையார். வருத்தம் இல்லை என்றேன். சம்பளம் 12,000.

வீட்டில் அன்றிரவு கணக்குப் போட்டோம். மனைவியின் சம்பளம், மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடனில் மிச்சம். மாலையில் நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக்கொடுத்தால் ஒப்பேற்றலாம் என்று தெரிந்தது. ஓராண்டுக்கு மட்டும் என்றாள் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிழைப்புக்கு வேறு வழி உள்ளவர்கள்தாம் இந்த வேலைக்கு வர முடியும் என்பது பெருமைப்படும் விஷயம் இல்லை. அந்த உதவியாளரின் 8,000-க்குப் பின்னால் மாலைக்கணக்கு எழுதும் வசதி எதுவும் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கிண்டிக்கு மறுப்பு எழுதிவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“எத்தன புள்ளைவோ?”

“இருபத்திநாலும்மா.”

“குடுக்குற காசுக்கு என்ன பேரு சொல்றாவோ? சம்பளம்னுதானே?”

“ஆமாம்மா. சம்பளம்னுதான்.”

“அப்ப சரி. போ.”

திங்கட்கிழமை சேர்ந்தேன். அங்கே பெரியவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதால் குழந்தைகளுக்குத் தெரிந்த விளி ஒன்றே ஒன்றுதான். கால்சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வந்து நின்ற ஒருவன் என்னை அண்ணாந்து பார்த்து, “ஆன்ட்டி, இது வரமாட்டேங்குது” என்றான். நான் திருத்தவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்தேன், பொத்தானைப் போட்டுவிடாமல், துளையை மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.