எந்த கியர்ல எடுக்கணும் மாமா?

கார் ஓட்டுகிறவர்களிடம், "வண்டியை எந்த கியரில் எடுப்பீர்கள்?" என்று கேட்டால், யோசிக்காமல் "ஃபர்ஸ்ட்" என்பார்கள். டிரெய்லர் லாரி ஓட்டும் எங்களிடம் கேட்டால், "என்ன லோடு? எந்த ரோடு?" என்று திருப்பிக் கேட்போம்.

எனக்கு ஊர் சங்ககிரி. 20 வருடத்துக்கு மேலாக டிரெய்லர் ஓட்டுகிறேன். போன வருடம் அக்கா தன் மகனை என்னோடு அனுப்பிவைத்தார். "தொழிலைக் கத்துக்கொடு. அதைவிட, பத்திரமா வீடு திரும்பக் கத்துக்கொடு" என்றார்.

பையனுக்கு கார் நன்றாக ஓட்ட வரும். எங்கள் வண்டியின் கியர் ராடைப் பார்த்து மலைத்துவிட்டான். மொத்தம் 9 கியர். கீழ்க்கட்டில் நான்கு, மேல்கட்டில் நான்கு, எல்லாவற்றுக்கும் அடியில் கிராலர்.

"இதுல எந்த கியர்ல எடுக்கணும் மாமா? ஃபர்ஸ்ட்தானே?"

"காலி வண்டிக்கு எதுக்கு மாப்ளே ஃபர்ஸ்ட்? செகண்ட்ல எடு, அதுபாட்டுக்குப் போகும்."

காலியாக இருக்கும்போது வண்டி சுமார் 15 டன். லோடு ஏற்றினால் சட்டப்படி மொத்தம் 55 டன் வரை போகலாம். இரண்டையும் ஒரே கியரில் கிளப்ப முடியுமா? லோடு வண்டி சமதரையில் ஃபர்ஸ்டில் கிளம்பும். மேட்டில் நின்றால் கிராலர்தான். சேற்றில் மாட்டினால் கதையே வேறு. ரொம்பக் கீழ் கியர் போட்டால் இழுவை கூடி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அங்கே ஒரு கியர் கூட்டிப் போட்டு, மெதுவாக எடுக்க வேண்டும்.

போட்டது சரியான கியர்தானா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. சமதரையில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறாமல் வண்டி நகர்ந்தால் சரியான கியர். உறுமவைத்தால்தான் நகரும் என்றால் கியர் அதிகம். அப்போது பாதி கிளட்சில் வைத்து மிதித்தால் பிளேட் உரசிச் சூடாகும், எரிந்த வாடை வரும். பிளேட் போனால் வண்டி பட்டறையில் நிற்கும். நிற்கிற நாளுக்கு எங்களுக்கு பேட்டா கிடையாது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் மேட்டில் இருக்கிறது. ஒருநாள் லோடோடு சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் டிராஃபிக் நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்ததும், "இறங்கிப் பின்னாடி பார்த்துட்டு வா மாப்ளே" என்றேன்.

போனவன் ஓடிவந்தான். டிரெய்லரை ஒட்டி ஒரு பைக். கணவன், மனைவி, நடுவில் தூங்கும் குழந்தை. என் இரண்டு கண்ணாடியிலும் அவர்கள் தெரியவே இல்லை.

"ஒதுங்கச் சொல்லிட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடு" என்றேன். அவர்கள் ஓரமாகப் போன பிறகு கிராலரைப் போட்டேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடியே கிளட்சை விட்டேன். இன்ஜின் சத்தம் இறங்கி, வண்டி இழுப்பது உடம்பில் தெரிந்த பிறகுதான் பிரேக்கை எடுத்தேன். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பையன் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினான்.

"ஃபர்ஸ்டுக்கு மாத்தலையா மாமா?"

"ஏத்தம் முடியட்டும். நடுவுல கிளட்சை மிதிச்சா இழுவை அறுந்து வண்டி நின்னுடும். திரும்பவும் முதல்ல இருந்து எடுக்கணும். கிராலர்ல அவசரப்பட்டு மிதிக்கவும் கூடாது. ஆக்சில் தாங்காது."

இப்போது அவன் கேட்பதில்லை. ஏறும் முன் டிரெய்லரைச் சுற்றி வருகிறான். லோடைப் பார்க்கிறான். ரோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கிறான். அதன் பிறகுதான் கியர் ராடில் கை வைக்கிறான். அக்காவிடம் தைரியமாகச் சொல்லிவிட்டேன், பையன் தேறிவிட்டான் என்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேட்டில் லாரி நின்றால் ஒட்டி நிற்காதீர்கள். என்னதான் பார்த்து எடுத்தாலும் சில சமயம் வண்டி கொஞ்சம் பின்னால் வந்துதான் கிளம்பும். எங்கள் கண்ணாடியில் எங்கள் முகம் உங்களுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். முகம் தெரியவில்லை என்றால், நாங்களும் உங்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.