கறுப்பு டி-ஷர்ட்டும் கொஞ்சம் தாளிப்பும்

பெங்களூரின் ஹெவி மெட்டல் ரசிகர்களுக்குப் புது ஆல்பம் என்றால் திருவிழா. பாட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு.

தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்காரர் எதிரே வந்தால் ஒன்று பெரியார் தொண்டராக இருப்பார், இல்லையென்றால் மாலை போட்ட ஐயப்ப பக்தராக இருப்பார். பெங்களூரில் மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. சனிக்கிழமை மாலைகளில் சர்ச் தெருவில் அந்த மூன்றாவது ரகத்தைச் சாதாரணமாகப் பார்க்கலாம். நெஞ்சில் ஒரு மண்டையோடு, அதற்கு மேல் முள்வேலியைப் பிய்த்துப் போட்டது போன்ற எழுத்தில், பழகிய கண்களைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாத ஒரு பெயர். வயது பதினெட்டும் இருக்கலாம், நாற்பத்தெட்டும் இருக்கலாம். பேச்சு கன்னடத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் நடந்து 'மச்சா'வில் முடியும். அந்த 'மச்சா' தமிழ் இந்த ஊருக்குக் கொடுத்த கொடை. தாய்மொழி எதுவானாலும் இங்கே எல்லோரும் எல்லோருக்கும் மச்சாதான்.

சனிக்கிழமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ் சினிமாவைப் போலவே மெட்டல் ஆல்பங்களும் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க இசைத்தட்டு நிறுவனங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டாகிவிடும். மறுநாள் விசாரணை. டிரம்ஸ் ஒலிப்பதிவு சரியில்லை என்பதில் ஆரம்பித்து, இவர்களுக்கு வயதாகிவிட்டது என்பது வரை எல்லாம் அலசப்படும். கடைசியில் எப்படியும் பாடல் வரிகளுக்கு வந்து சேர்வார்கள். அங்கேதான் சூடு பிடிக்கும்.

வெளியாட்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். ஹெவி மெட்டலில் வரி காதில் விழுந்தால்தானே விவாதிக்க முடியும்? கிடார்கள் அறுக்க, டிரம்ஸ் இரண்டு காலாலும் உதைபட, பாடகர் அடிவயிற்றிலிருந்து உறுமுகிறார். ஆனால் வரிகளை இத்தனை சிரத்தையாகப் படிக்கும் ரசிகர்கள் வேறெந்த இசைக்கும் குறைவு. காதில் விழாததாலேயே அதைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள்.

படித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வெற்றிடம். காதல் அநேகமாக இல்லை. பத்துப் பாட்டில் எட்டு காதலாக இருக்கும் சினிமாவில் வளர்ந்தவர்களுக்கு அதுவே ஒரு நிம்மதி போலிருக்கிறது. மற்றபடி போர், மரணம், பைத்தியம், போதை, மதத்தின் பெயரால் நடக்கும் பித்தலாட்டம், பேய் பிசாசு: இந்த ஆறேழு சரக்கையே அரை நூற்றாண்டாகத் திருப்பித் திருப்பி விற்கிறார்கள். பிளாக் சாபத் குழு 1970இல் 'வார் பிக்ஸ்' பாடியபோது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அயர்ன் மெய்டனின் 'தி ட்ரூப்பர்' (1983) கிரிமியப் போரில் பீரங்கிகளின் வாய்க்குள் குதிரையோட்டிய சிப்பாய்களைப் பற்றியது. மெட்டாலிகாவின் 'ஒன்' (1988) கையும் காலும் கண்ணும் காதும் போய் மருத்துவமனைக் கட்டிலில் மூளை மட்டும் உயிரோடிருக்கும் ஒரு போர்வீரனின் கதை. 1939இல் வெளிவந்த ஒரு அமெரிக்க நாவலிலிருந்து பிறந்தது. பெங்களூர்க் கல்லூரி மாணவர்கள் பலர் அந்தப் பாட்டு வழியாகத்தான் அந்த நாவலுக்குப் போனார்கள். கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையை வகுப்பில் கொட்டாவி விட்டுக் கேட்டவர்கள், மெய்டன் 1984இல் அதைப் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் பாடியபோது மனப்பாடம் செய்தார்கள். ஆங்கில ஆசிரியர்கள் இதற்காக நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை.

இந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசிகர்கள் சொல்லும் மூலக்கதை ஒன்று உண்டு. அது உண்மைக் கதையும்கூட. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம், 1965. உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையன் டோனி அயோமி, வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். இடது கைப் பழக்கமுள்ள கிடார்க்காரனுக்குத் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைப் போட்டான், பிறகு சுருதியையும் இறக்கினான். அந்தத் தாழ்ந்த, கனத்த ஓசையே பிளாக் சாபத்தின் ஓசையாயிற்று, ஒரு இசை வகைக்கே அஸ்திவாரமாயிற்று. அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்ஹாமில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசிக் கச்சேரி பாடினார். ஜூலை 22 அன்று இறந்தார். அந்த வாரம் பெங்களூரின் மெட்டல் வட்டாரங்களில் புது ஆல்பப் பேச்சே எழவில்லை.

பெங்களூருக்கும் ஆலைச் சங்கு தெரியும். ஹெச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., ஹெச்.எம்.டி. என்று பொதுத்துறை ஆலைகளும் அவற்றின் குடியிருப்புகளும் சேர்ந்து உருவாக்கிய நகரம் இது. இன்னொரு பக்கம் அல்சூர், சிவாஜி நகர், ஃபிரேசர் டவுன் என்று விரியும் பழைய கன்டோன்மென்ட்: தமிழும் உருதும் ஆங்கிலமும் புழங்கும் தெருக்கள், கிறிஸ்தவப் பள்ளிகள், ஞாயிறு தேவாலய கிடார். மெட்டல் இங்கே வேரூன்ற இரண்டும் உதவின. 'டையிங் எம்பிரேஸ்' குழு 1990களின் தொடக்கத்திலேயே மரண கானம் பாடத் தொடங்கிவிட்டது. 'கிரிப்டோஸ்' 1998இல் பிறந்தது.

அந்நாட்களில் புது ஆல்பம் என்பது வெள்ளிக்கிழமை வருவதல்ல, யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் வருவது. 90 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஒரு ஆல்பம் என்று பிரதி எடுப்பார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்து நாலாவது கையில் கிடைக்கும்போது கிடார் எது, மழை எது என்று தெரியாது. 1991இல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. 1993இல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளிவரத் தொடங்கியது. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் உள்ள 'பெக்கோஸ்' மதுக்கூடம் கேசட் போட்டே பேர் வாங்கியது. இன்று நாற்பதைக் கடந்தவர்கள் இதையெல்லாம் சொல்லும்போது இளைய மச்சாக்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறார்கள்.

பெங்களூரை இந்தியாவின் மெட்டல் தலைநகராக்கியது 2007 மார்ச் 17. அன்று அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் பாடியது. இந்திய மண்ணில் அந்த அளவுக்கு ஒரு மெட்டல் கச்சேரி அதற்கு முன் நடந்ததில்லை. அடுத்த ஆண்டு மெகாடெத், 2010இல் லாம்ப் ஆஃப் காட், 2012இல் ஸ்லேயர் என்று வரிசை கட்டி வந்தார்கள். 2011 அக்டோபர் 28 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் குர்காவ்னில் நடக்கவிருந்த மெட்டாலிகா கச்சேரி ரத்தாகி, ஆத்திரப்பட்ட கூட்டம் மேடையில் ஏறிப் பொருட்களை உடைத்தது. இரண்டே நாள் கழித்து அதே குழு பெங்களூர்ச் சேற்றில் பல்லாயிரம் பேர் முன்னால் எந்த அசம்பாவிதமும் இல்லாமல் பாடிவிட்டுப் போனது. பெங்களூர்க்காரர்கள் இதை இன்றும் டெல்லிக்காரர்களிடம் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை.

சனிக்கிழமைத் தகராறின் வேர் இங்கேதான். வெளிநாட்டுக் குழு எதைப் பாடினாலும் அது அவர்கள் வாழ்க்கை. மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' (2023) மனிதனின் முதல் பதினெட்டு வருடங்களைப் பற்றிய ஆல்பம். அறுபதைத் தொட்ட ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இன்னும் சிறுவயதுக் காயத்தையே பாடுவதில் பாசாங்கு இல்லை என்று அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஜெயநகரில் வளர்ந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் வைக்கிங் கப்பலையும் பனிக்காட்டுச் சாத்தானையும் எழுதினால்? அது வாடகைக் கோபம் என்கிறது ஒரு கட்சி. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்தது. தண்ணீரே பற்றி எரியும் ஊரில் இருந்துகொண்டு நரகத்தை நார்வேயிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா என்பது இந்தக் கட்சியின் வாதம். பிரேசில் குழுவான செபுல்துரா 1996இல் 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காக சவான்ட்டே பழங்குடியினரிடம் போய் அவர்களோடு பாடிப் பதிவு செய்ததை அத்தாட்சியாகக் காட்டுவார்கள்.

எதிர்க்கட்சிக்கும் பலமான ஆயுதங்கள் உண்டு. தினசரி வாழ்க்கையிலிருந்து தப்பிக்கத்தானே இந்த இசை. இதிலும் போக்குவரத்து நெரிசலைப் பாட வேண்டுமா? கிரிப்டோஸ் 1980களின் மெட்டலுக்குக் காணிக்கை போலவே ஆல்பத்துக்கு மேல் ஆல்பம் போட்டிருக்கிறது. 2024இல் வந்த 'டெசிமேட்டர்' வரை பாதை மாறவில்லை. அதை ஜெர்மன் நிறுவனம் வெளியிடுகிறது. 2013இல் வாக்கன் திருவிழா மேடையிலேயே ஏறிவிட்டார்கள். சிதாரைச் சேர்த்தால்தான் இந்தியன் என்று வெள்ளைக்காரன் எதிர்பார்க்கிறான், நாமும் அதற்கு ஆட வேண்டுமா என்று இவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

புராணத்தை எடுத்தால் தகராறு வேறு திசையில் போகும். மும்பையின் 'டெமானிக் ரெசரெக்‌ஷன்' 2017இல் 'தசாவதாரம்' என்று ஒரு ஆல்பம் போட்டது. மச்சம் முதல் கல்கி வரை அவதாரத்துக்கு ஒரு பாட்டு. சிங்கப்பூரில் தமிழர்கள் 1992இல் தொடங்கிய 'ருத்ரா' இன்னும் முன்னோடி. சமஸ்கிருத சுலோகங்களோடு வேதாந்தத்தையே உறுமிப் பாடுகிறார்கள். இதற்கு 'வேத மெட்டல்' என்று பெயர். மேலைநாட்டு மெட்டல் சிலுவையைத் தலைகீழாகப் பிடித்துப் பிறந்தது. இங்கே அதே ஓசை பக்திக்கு வந்து நிற்கிறது. கறுப்புச் சட்டைக்குள் பெரியார் தொண்டரும் ஐயப்ப பக்தரும் மறுபடி எதிரெதிரே நிற்பது போலத்தான். நரசிம்மர் குடலைக் கிழிப்பதைவிட மெட்டலான காட்சி உலக இலக்கியத்தில் உண்டா என்று ஒருவர் கேட்டால், சாமியைக் கொடியில் ஏற்றும் காலத்தில் மேடையிலும் ஏற்ற வேண்டுமா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டாவது கேள்வி எழும்போது மேஜையில் சிரிப்பு குறைந்துவிடும்.

டெல்லியின் 'பிளட்டிவுட்' இந்த இடத்தில் உள்ளே வருகிறது. 2016இல் சினிமாப் பாட்டுகளைக் கேலி செய்து மெட்டலாக்கிய இணைய விளையாட்டாக ஆரம்பித்த குழு. டோல் அடித்து, இந்தியும் பஞ்சாபியும் ஆங்கிலமும் கலந்து பாடுகிறார்கள். 'ரக்‌ஷக்' (2022) ஆல்பத்தில் மதத்தை அரசியலில் கலப்பவர்களுக்கு எதிராக ஒரு பாட்டு, பாலியல் வன்முறைக்கு எதிராக ஒரு பாட்டு. மனச்சோர்வைப் பற்றி 2019இல் 'ஜீ வீரே' வெளியிட்டபோது இலவச மனநல ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தார்கள். மெட்டல் வரிகளில் பெண் பெரும்பாலும் பிணமாகவோ சூனியக்காரியாகவோ வருவதைச் சகித்துக்கொண்டிருந்த பெண் ரசிகர்களுக்கு இது ஒரு ஆறுதல். எண்ணிக்கையில் குறைவானாலும் வாதத்தில் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர்.

இந்தக் கட்சியின் வெற்றி முரசு 2025 மார்ச் வரை ஒலித்தது. அந்த மாதம் 'நியூ டெல்லி' ஆல்பம் வந்தது. அதில் 'தட்கா' என்றொரு பாட்டு. தட்கா என்றால் தாளிப்பு. பாட்டு முழுக்கச் சாப்பாடு. சொந்த வாழ்க்கையைப் பாடு என்றுதானே கேட்டாய், இந்தா கடுகு சீரகம் என்று எதிர்க்கட்சி கைகொட்டிச் சிரித்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த ஆல்பத்தில் காதில் ஒட்டிக்கொள்ளும் பாட்டுகளில் அதுவும் ஒன்று. போரையும் சாவையும் உறுமலாம், பருப்பை உறுமக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

வரி எழுத ஆள் இருக்கிறது, பாடத்தான் இடம் சுருங்கிவிட்டது. 470 ஏக்கருக்கு மேல் உள்ள அரண்மனை நிலத்தை எடுத்துக்கொள்ள மாநில அரசு 1996இல் சட்டம் போட்டது. மைசூர் அரச குடும்பத்தோடு அதற்கான வழக்கு பல பத்தாண்டுகளாக இழுபட்டது. மதுக்கூடங்களில் நேரடி இசைக்குத் தனி உரிமம் கேட்கும் 2005ஆம் ஆண்டு போலீஸ் உத்தரவு செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காபரே நடனத்தைக் கட்டுப்படுத்தவென்று வந்த உத்தரவு, கிடார்க்காரர்களின் வயிற்றில் அடித்தது. அந்த ஆண்டே பல இடங்களில் மேடையைக் கழற்றி மேஜை போட்டார்கள். பெரிய வெளிநாட்டுக் கச்சேரிகள் மும்பைக் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போகத் தொடங்கின. 2012இல் தொடங்கிய 'பெங்களூர் ஓப்பன் ஏர்' விழாதான் உள்ளூர்க் குழுக்களுக்கு நம்பிக்கையான பெரிய மேடை.

மீதி நாட்களுக்கு 'ஜாம் பேட்' இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறை. சுவரில் ஒலி தடுக்கும் பஞ்சு, கிடைக்காவிட்டால் முட்டை அட்டை. அலுவலகம் முடிந்து நான்கு பேர் கிடாரோடு வந்து சேர்வதற்குள் முதல் அரை மணி போய்விடும். அடுத்த கால் மணி சுருதி சேர்க்க. பிறகு அந்தப் புதுப் பாட்டு. இசை ஆறு மாதமாகத் தயார், வரிதான் பாக்கி. ஏரியைப் பற்றி எழுதலாம் என்கிறார் டிரம்மர். கன்னடத்தில் எழுதினால் என்ன என்கிறார் பாஸ் வாசிப்பவர். பாடகர் இன்னமும் ஆங்கிலத்தில் ஒரு படுகளத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். கதவைத் தட்டும் சத்தம். நேரம் முடிந்துவிட்டது. அடுத்த குழு, அதே கறுப்பு டி-ஷர்ட்டில், வெளியே காத்திருக்கிறது.