ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

"லினக்ஸ் சும்மா கிடைக்குது சரி, அதை போர்டுல ஏத்தி ஓடவைக்கிற ஆளுக்குச் சம்பளம் கிடையாதா?" எம்பெடட் துறையில் இது பழைய கேள்வி. 2003-ல் இதற்கு ஓர் ஆய்வே வந்தது. செய்தது எம்பெடட் மார்க்கெட் ஃபோர்காஸ்டர்ஸ், பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். விண்டோஸில் வேலை சீக்கிரம் முடிகிறது, மொத்தச் செலவும் குறைவு என்றது முடிவு.

பணம் தந்தது யார் என்று பார்த்ததும் சிரித்துவிட்டு நகரலாம். எனக்கு அது போதவில்லை. கேள்வி நியாயமானதுதான். புது போர்டுக்கு கர்னலைக் கொண்டுவந்து டிரைவர்களைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

என் சந்தேகம் அந்த வாரங்களுக்குப் போடும் விலையில் இருக்கிறது. கலிஃபோர்னியாச் சம்பளமும் தாம்பரம் மெப்ஸ் சம்பளமும் ஒன்றல்ல. ஒரு பேச்சுக்கு, கருவி ஒன்றுக்கு லைசன்ஸ் 500 ரூபாய், இங்கே இன்ஜினியருக்கு மாதம் 50,000 என்று வைப்போம். 10,000 கருவிக்கு லைசன்ஸ் 50 லட்சம். அந்தக் காசில் நாலு பேர் ரெண்டு வருஷம் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வெறும் 200 கருவி என்றால் லைசன்ஸ் ஒரு லட்சம்தான், ரெண்டு மாதச் சம்பளம். அப்போது வாங்குவதே புத்திசாலித்தனம். ஊரையும் எண்ணிக்கையையும் சொல்லாத ஒப்பீட்டை எப்படி நம்புவது?

காலமும் கணக்கில் வராது. ஒரு லிஃப்ட் கன்ட்ரோலர் பதினைந்து வருஷம் ஓடும். விண்டோஸ் எம்பெடட் காம்பாக்ட் 2013-க்கு ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துபோனது. காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த த்ரெட்எக்ஸை 2019-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2023-ல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் கொடுத்து ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. 2018-ல் போட்ட அட்டவணை இன்று எதற்கு உதவும்?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, கற்கும் நேரம் முழுக்கச் செலவுப் பக்கத்தில் எழுதப்படுவது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலிருக்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையம் தொடங்கியபோது, அங்கே கற்பதை நஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. சேலையூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன் ஆறு மாதம் கர்னலோடு மல்லுக்கட்டினால், கம்பெனிக்கு அது ஆறு மாதச் சம்பளம். அவனுக்கோ அடுத்த வேலைக்கும் கூடவே வரும் சொத்து. லைசன்ஸுக்குக் கட்டிய பணம் அப்படி யாரிடமும் தங்குவதில்லை.

அட்டவணை போடுபவர் முதலாளியின் பணத்தை மட்டும் எண்ணுகிறார். வேலை பார்ப்பவர்களும் ஒரு தனிக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.