காசு சுண்டலும் கிராண்ட் ஜூரியும்

ஈருறுப்புப் பரவல் என்றாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். பத்து தடவை காசு சுண்டி மூன்று தலை விழ நிகழ்தகவு என்ன? யாருக்குங்க வேணும் அது! எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது ஒரு வழக்கால்தான்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹிடால்கோ கவுண்டி. 1972-ல் ரோட்ரிகோ பார்டிடா என்பவர் மீது அங்குள்ள கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது, தண்டனையும் கிடைத்தது. ஜூரிக்கு ஆள் எடுப்பதில் தன்னைப் போன்ற மெக்சிகோ வம்சாவளியினரை ஒதுக்குகிறார்கள் என்று அவர் வாதாடினார்.

11 ஆண்டுகளில் அழைக்கப்பட்டவர்கள் 870 பேர். ஒவ்வொருவரும் மெக்சிகோ வம்சாவளியா, இல்லையா? இரண்டே விடை, காசு மாதிரி. மக்கள்தொகையில் அவர்கள் 79.1 சதவீதம். அப்படியானால் சுமார் 688 பேர் வந்திருக்க வேண்டும். வந்ததோ 339.

கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாமே என்கிறீர்களா? அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சொல்வதுதான் திட்ட விலக்கம். 870 × 0.791 × 0.209, அதற்கு வர்க்கமூலம்: சுமார் 12. இரண்டு மூன்று மடங்கு விலகினாலே சந்தேகம் வரும். இங்கே 29 மடங்கு!

1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை அடிக்குறிப்பில் போட்டு, 5-க்கு 4 என்று பார்டிடா பக்கம் தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் ஆள் தேர்ந்தெடுத்த ஐந்து கமிஷனர்களில் மூவர் மெக்சிகோ வம்சாவளியினரே. யார் ஒதுக்கினார்கள், ஏன் என்பதையெல்லாம் சூத்திரம் சொல்லாது. "தற்செயலா நடந்துபோச்சு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க விடாது. அந்த ஒன்றுக்காகவே இதைப் படிக்கலாம் மக்களே.